லிப்டன் மலையும் மெலிவு வியாபாரமும்

கிளாஸ்கோ நகரில் 1871ஆம் ஆண்டு மளிகைக் கடை திறந்த தோமஸ் லிப்டன், விளம்பரக் கலையில் தம் காலத்தவர் பலரை மிஞ்சியவர். அவர் தம் கடைகளில் இரண்டு வளைகண்ணாடிகளை வைத்திருந்தார் என்பது அவரைப் பற்றி எழுதுவோர் தவறாது குறிப்பிடும் செய்தி. ஒன்றின் முன் நின்றால் கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமாக உருவம் தெரியும். அவர் லிப்டன் கடைக்குப் போகிறவர். மற்றையதன் முன் நின்றால் முகம் பூரித்து, வயிறு பருத்துத் தெரியும்; அவர் லிப்டன் கடையிலிருந்து திரும்புகிறவர். அன்றைய கிளாஸ்கோ தொழிலாளிக்கு உடற்பருமன் ஒரு நோயாகத் தோன்றவில்லை. அது கைக்கு எட்டாத செல்வம். அந்த ஆசையைத்தான் லிப்டன் விற்றார்.

அதே லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னை முதலான தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தம் தேயிலை மலைகளைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் குன்று இன்று ‘லிப்டன் சீட்’ என்ற பெயரில் சுற்றுலாத் தலமாகிவிட்டது. அந்த மலைத்தொடரில், பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகும் வழியில் இருப்பதே பூனாகலை. 2014 ஒக்டோபரில் அருகிலுள்ள மீரியபெத்தையிலும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மண் சரிந்தபோதுதான் இந்தப் பகுதியின் பெயர் நாட்டின் முதற்பக்கச் செய்தியாயிற்று. மற்றைய நாட்களில் இங்கே என்ன சமைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள் என்பது எந்தப் பத்திரிகைக்கும் செய்தியல்ல.

லிப்டன் 1931இல் மறைந்தார். அவருடைய தேயிலைப் பெயர் படிப்படியாக யுனிலீவர் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த யுனிலீவர் 2000 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு கொள்வனவுகளை அறிவித்தது. ஒன்று, பென் அண்ட் ஜெரிஸ் என்ற ஐஸ்கிரீம் நிறுவனம். மற்றையது, ஸ்லிம் ஃபாஸ்ட் என்ற மெலிவுப் பானத்தைத் தயாரிக்கும் நிறுவனம். ஐஸ்கிரீமுக்குக் கொடுத்த விலை 32 கோடி டொலருக்குச் சற்று அதிகம். மெலிவுப் பானத்துக்குக் கொடுத்ததோ 230 கோடி டொலர். லிப்டனின் இரண்டு கண்ணாடிகளும் இப்போது ஒரே முதலாளியிடம் இருந்தன. ஆனால் வாடிக்கையாளர் நடக்கும் திசை மாறிவிட்டது.

பணம் வாங்கிக்கொண்டு உடலை மெலியவைக்கும் இத்தகைய திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்பது வெளிநாடுகளில் வாழும் நம்மவர் பலர் கேட்கும் கேள்வி. கொழும்பிலும் இப்போது கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இதற்கான விடையை மருத்துவ ஏடுகளில் தேடலாம்; தேடியும் பார்ப்போம். ஆனால் மலைநாட்டிலிருந்து பார்க்கும்போது தெரியும் ஒன்று அந்த ஏடுகளில் எளிதில் தெரிவதில்லை.

உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி உலகெங்கும் பரவிய முதல் நூல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது, இலண்டனில் பிரேத அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங் 1863இல் வெளியிட்ட சிறு பிரசுரம். குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட முடியாத அளவுக்குப் பருத்திருந்த அவர், வில்லியம் ஹார்வி என்ற வைத்தியரின் சொற்படி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு மெலிந்தார். தம் அனுபவத்தை எழுதி முதலில் இலவசமாகவே வழங்கினார். ஆங்கிலத்தில் அவர் பெயரே ‘மெலிவதற்காக உணவைக் குறைத்தல்’ என்ற பொருளில் வினைச்சொல்லாக வழங்கலாயிற்று. சுவீடன் மொழியில் அந்தச் சொல் இன்றும் உண்டு.

பான்டிங்கின் பிரசுரம் கைமாறிக்கொண்டிருந்த அந்தத் தலைமுறையில்தான் சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சம் தென்னிந்தியாவில் இலட்சோப இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபுவின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு றாத்தல் தானியமும் ஒரு சிறு தொகையும் போதும் என்று விதித்தார். வரலாற்றில் ‘டெம்பிள் கூலி’ என்று பெயர்பெற்ற அளவு இதுதான். மாகாணத்தின் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். அந்த ஒரு றாத்தலின் உணவுச் சத்தைப் பிற்கால ஆய்வாளர் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 1,600 கலோரிக்கு வந்தது.

இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று கண்ணாடி போன்ற வழவழப்புத் தாளில் அச்சாகி வரும் மெலிவுத் திட்டங்கள் பலவற்றில் பெண்களுக்கு விதிக்கப்படும் நாளுணவு 1,200 முதல் 1,500 கலோரி வரையில் இருக்கும்.

பஞ்ச காலத்தில் கங்காணிகளின் பின்னால் மன்னார் வழியாக நடந்துவந்தவர்களின் சந்ததியினர் ஊவா மலைகளிலும் குடியேறினர். அவர்களின் உடல் அந்த 1,600 கலோரியை எப்படி எதிர்கொண்டது என்று அன்று எவரும் அளந்துபார்க்கவில்லை. அளந்தது பிற்பாடு, வேறொரு கண்டத்தில்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் சம்மதத்துடன் ஆறு மாத காலம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிவதே நோக்கம். கொடுக்கப்பட்ட உணவு ஏறத்தாழ 1,570 கலோரி. இளைஞர்கள் தம் எடையில் காற்பங்கை இழந்தனர். அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்களின் மனத்துக்கு நேர்ந்தது. உணவைத் தவிர வேறு சிந்தனை அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரித்தனர், தட்டை நக்கினர், ஒருவேளை உணவை மணிக்கணக்காக உண்டனர். கட்டுப்பாடு நீங்கியபின் பலருக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவு வரவில்லை. உடலில் கொழுப்பு முன்னிருந்த அளவையும் தாண்டித் திரும்பியது. இழந்த தசை அவ்வளவு விரைவில் திரும்பவில்லை. அளவுமீறி உண்பதைப் பேராசை என்று நம் நீதி நூல் மரபு பேசிவந்திருக்கிறது. மினசோட்டா இளைஞர்களோ நல்லொழுக்கத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. பருத்தவரின் உடலில் சேமிப்பு இருக்கிறது. பஞ்சத்தில் அடிபட்டவரின் உடலில் இல்லை. ஆயினும் உடல் இரண்டையும் ஏறத்தாழ ஒரே பதற்றத்துடன்தான் எதிர்கொள்கிறது. மெல்பேணில் 50 பேரைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், எடை குறைந்து ஓராண்டு கழிந்தபின்னும் பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளின்பின் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது. அவர்களில் பெரும்பாலானோர் பழைய பருமனை நோக்கித் திரும்பியிருந்தனர். அவர்களின் உடலோ எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. பஞ்சம் முடிந்துவிட்டது என்று உடல் இன்னும் நம்பவில்லை.

இனி வணிகத்துக்கு வருவோம். இந்தத் தொழிலின் தாய் என்று ஜீன் நைடெச் என்ற நியூயோர்க் இல்லத்தரசியைச் சொல்லலாம். 97 கிலோ எடையிருந்த அவர் 1961இல் நகர சுகாதாரச் சபை நடத்திய பருமன் கிளினிக்குக்குப் போனார். நோர்மன் ஜொலிஃப் என்ற அரசாங்க வைத்தியர் வகுத்த உணவு அட்டவணை அங்கே கிடைத்தது. அட்டவணை நல்லதுதான். ஆனால் களவாக பிஸ்கட் தின்றதை அந்தக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆறு சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் களவுகளைச் சொன்னார்கள். 1963இல் அந்தக் கூட்டம் ‘வெயிட் வாச்சர்ஸ்’ என்ற கம்பனியாயிற்று. நகரசபை கொடுத்த அட்டவணைக்கும், சிநேகிதிகள் கொடுத்த செவிக்கும் இப்போது வாரச் சந்தா உண்டு. வாரந்தோறும் உறுப்பினர் தராசில் ஏறவேண்டும்.

(பூனாகலையிலும் தராசு உண்டு. அங்கே அது நிறுப்பது கொழுந்தை. நிறை குறைந்தால் அன்றைய ‘பேர்’ அரைப்பேராகும்.)

1978இல் வெயிட் வாச்சர்ஸை வாங்கியது தக்காளிச் சோஸுக்குப் பெயர்போன ஹைன்ஸ் நிறுவனம். 2006இல் ஜெனி கிரெய்க் என்ற மற்றொரு மெலிவு நிறுவனத்தை வாங்கியது, நம் வீடுகளில் மைலோவும் நெஸ்டமோல்ட்டும் கலக்கவைத்த நெஸ்லே. யுனிலீவரின் கதையை மேலே சொன்னேன். ஆக, சீனியையும் கொழுப்பையும் விற்றுப் பெருத்த நிறுவனங்கள் மூன்று, அவற்றைக் கரைக்கும் தொழிலையும் கைப்பற்றின. இதில் சதி எதுவும் இல்லை; கணக்கு மட்டுமே. திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரை எந்த வியாபாரி வேண்டாம் என்பார்?

பயன் என்ன? பத்திரிகையாளன் என்ற முறையில் விளம்பரங்களை நீண்டகாலம் பார்த்தவன் நான். அவற்றில் எப்போதும் இரண்டு படங்கள் இருக்கும்: முன்னர், பின்னர். ஈராண்டு கழித்து எடுத்த மூன்றாவது படத்தை நான் கண்டதேயில்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுக்கும் இதே சந்தேகம் வந்தது. 1993இல் அது வெயிட் வாச்சர்ஸ், ஜெனி கிரெய்க் உட்பட ஐந்து பெரிய நிறுவனங்கள்மீது ஆதாரமற்ற விளம்பரம் செய்ததாகக் குற்றஞ்சாட்டியது. 1997இல் முடிவுக்கு வந்த உடன்பாட்டின்படி, மெலிவு பலருக்குத் தற்காலிகமானதே என்ற எச்சரிக்கை விளம்பரங்களில் இடம்பெற வேண்டியதாயிற்று.

மூன்றாவது படத்தை எடுக்க முயன்றவர்கள் ஆய்வாளர்கள். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 423 பேர் ஈராண்டு பின்தொடரப்பட்டனர். வெயிட் வாச்சர்ஸில் சேர்க்கப்பட்டவர்கள் முதலாண்டில் சராசரி 4.3 கிலோ குறைந்தனர். ஈராண்டு முடிவில் அது 2.9 கிலோவாகியிருந்தது. தாமாகவே முயன்றவர்களுக்கு ஈராண்டில் மிஞ்சியது 0.2 கிலோ. 2011இல் வெளியான, 772 பேரைக் கொண்ட ஐரோப்பிய-அவுஸ்திரேலிய ஆய்வில் ஓராண்டில் 5.1 கிலோ, வழக்கமான வைத்திய ஆலோசனை பெற்றவர்களுக்கு 2.3 கிலோ. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், முன்னணித் திட்டங்கள் ஓராண்டில் கூடுதலாகத் தந்தது உடல் எடையில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து வீதம்.

ஆகவே இவை முழு மோசடி என்று சொல்வது நியாயமாகாது. நான்கு பேர் கூடுவதும், வாரம் ஒருமுறை தராசில் ஏறுவதும், தின்றதை எழுதிவைப்பதும் ஓரளவு உதவுகின்றன. நீரிழிவின் விளிம்பில் நிற்பவருக்கு அந்த ஐந்து கிலோ பெறுமதியானது. ஆனால் விளம்பரத்தில் காட்டப்படும் மனிதர் அந்த ஆய்வுகளின் சராசரியில் இல்லை. பத்தில் இரண்டு பங்கு எடையை இழந்து அப்படியே நிலைத்தவர் அரிது. அந்த அரிதானவரே விளம்பரத்துக்கு அழைக்கப்படுகிறார்.

சந்தையும் இதைத் தாமதமாகப் புரிந்துகொண்டது. மாச்சத்தைக் குறைக்கும் அட்கின்ஸ் மோகம் எழுந்தபோதே ஸ்லிம் ஃபாஸ்டின் விற்பனை சரிந்தது. யுனிலீவர் 2014இல் அதைக் கைகழுவியது. 2022இல் லிப்டன் தேயிலையையும் விற்றுவிட்டது. ஜெனி கிரெய்க் 2023இல் கடையை மூடியது. பசியையே அடக்கும் ஊசிமருந்துகள் வந்தபின் வெயிட் வாச்சர்ஸ் 2025 மே மாதத்தில் கடன் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது. அந்த ஊசிகள் எடையை ஏறத்தாழ 15 வீதம் குறைக்கின்றன. நிறுத்தினால் ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்று 2022இல் வெளியான தொடராய்வு காட்டியது.

நம் ஊர்களில் விற்கப்படும் ‘மெலிவுத் தேநீர்’ பற்றியும் ஒரு வார்த்தை. இவற்றில் பலவற்றின் சரக்கு நிலாவாரை இலை. மேல்நாட்டு மருந்துச் சந்தையில் அதற்குப் பெயரே ‘திருநெல்வேலி சென்னா’. மலச்சிக்கலுக்கு நம் பாட்டிமார் கொடுத்த பேதிமருந்துதான் இது. வயிறு கழிந்து நீர் குறையும். தராசில் முள் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

மெலிவு வியாபாரம் முழுவதும் ஓர் அனுமானத்தின்மீது நிற்கிறது: தட்டில் என்ன விழுகிறது என்பதை உண்பவரே தீர்மானிக்கிறார் என்பது. தோட்டங்களின் வரலாறு இதை ஏற்பதில்லை. லயத்துக்கு வந்த நாளிலிருந்து தட்டைத் தீர்மானித்தது துரையும் கங்காணியும் அரசாங்கமும். கடனுக்கு அரிசி போடுவார்கள், சம்பளத்தில் கழிப்பார்கள். 1973-74இல் உலகச் சந்தையில் உணவு விலை ஏறியதும் கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்கு ஒரு துண்டுக் காணியாவது இருந்தது. 1948இல் குடியுரிமையும் பறிக்கப்பட்ட தோட்ட மக்களுக்கு அதுவும் இல்லை. இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. தோட்ட மக்களின் வறுமையைப் பிரித்தானியத் தொலைக்காட்சி 1973இல் படம்பிடித்துக் காட்டியபோது இங்கிலாந்தில் தேநீர் அருந்தியவர்கள் அதிர்ந்தார்கள். சில காலம்.

பஞ்சத்தின் பிறகு வந்தது கோதுமை மா. 1977இல் சிங்கப்பூரின் பிரிமா நிறுவனத்துடன் ஒப்பந்தம். 1980இல் திருகோணமலையில் மா ஆலை. மலையில் விளையாத தானியம் மலைமக்களின் முதலுணவாயிற்று. தேங்காய்த் துருவல் சேர்த்துத் தடிப்பாகத் தட்டிய ரொட்டி, செத்தல் மிளகாய்ச் சம்பல், சீனி போட்ட சாயத்தண்ணி. காலையில் தின்றால் மத்தியானம்வரை மலையேறலாம். மத்தியானம் தின்றால் மாலைவரை. பருப்பும் கீரையும் கைக்கு எட்டும்போது, இறைச்சி தீபாவளிக்கு. செங்குத்தான சரிவில் கூடை சுமந்த உடலில் இந்த மா எரிந்துபோயிற்று.

அந்த உடல் வயிற்றில் சுமந்த குழந்தைக்கு என்ன நேர்ந்தது? பிரித்தானிய வைத்தியர் டேவிட் பார்க்கரும் அவருடைய சகாக்களும் 1990களில் முன்வைத்த கருத்து இது: கருவில் பட்டினியை அறிந்த உடல் சிக்கனத்துக்குப் பழகிவிடுகிறது, பின்னர் நிறைய உணவு கிடைக்கும்போது அதுவே நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வழிவகுக்கிறது. புனே நகரில் வைத்தியர் யாக்னிக் நடத்திய ஆய்வில், சராசரி 2.7 கிலோ எடையுடன் பிறந்த கிராமத்துக் குழந்தைகள், 3.5 கிலோ எடையுடன் பிறந்த ஆங்கிலக் குழந்தைகளைவிடத் தசையில் மிக மெலிந்தும், கொழுப்பில் அவ்வளவாகக் குறையாமலும் இருந்தனர். மெலிந்த உருவத்தில் ஒளிந்த பருமன் இது. ஆசியர்களுக்குப் பருமன் அளவுகோலைத் தாழ்த்திப் பார்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சுட்டிக்காட்டியதற்கும் இத்தகைய சான்றுகளே காரணம்.

2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார மதிப்பாய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் 32 வீதத்தினர். இந்தக் குழந்தைகள் வளர்ந்து கொழும்பில் கடைச் சிப்பந்திகளாக, ஆடைத் தொழிற்சாலையில் நாள்முழுதும் அமர்ந்திருப்பவர்களாக, வளைகுடா நாடுகளில் வீட்டுப் பணியாளர்களாகப் போகிறார்கள். மலையேற்றம் நின்றுவிடுகிறது, ரொட்டியும் சீனித் தேநீரும் நிற்பதில்லை. நாற்பது வயதில் இடுப்பு பெருத்து, இரத்தத்தில் சீனி ஏறி நிற்கும்போது, அவர்களிடம் ஒருவர் பொட்டலத்துடன் வந்து, உங்களுக்கு மனக்கட்டுப்பாடு போதாது என்கிறார்.

பொட்டலமின்றியும் வழியுண்டு என்பதற்குச் சென்னையிலேயே சான்றிருக்கிறது. வைத்தியர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நடையும் உணவு மாற்றமும் பயிற்றுவிக்கப்பட்டன. மூன்றாண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28 வீதத்துக்குமேல் குறைந்தது. அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவேயில்லை. மெலியாமலே நலம் கூடியிருக்கிறது. தராசை மட்டும் வைத்து விற்பவரிடம் இந்தச் செய்தி கிடைக்காது.

அரசாங்கங்களும் தட்டில் கைவைக்க முடியும். இலங்கை 2016இல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்களைக் கட்டாயமாக்கியது; 2017 நவம்பரில் சீனியின் கிராமுக்கு 50 சதம் வரி விதித்தது. அடுத்த ஆண்டே வரி தளர்த்தப்பட்டது. மா விலையையும் பருப்பு விலையையும் எவரும் இந்தக் கண்கொண்டு பார்த்ததாகத் தெரியவில்லை.

2011 முதல் சுகாதார அமைச்சு ‘ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள்’ என்ற பெயரில் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசப் பரிசோதனை நடத்திவருகிறது. எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்த்து ஆலோசனையும் சொல்வார்கள். நைடெச் போன அந்த நகரசபைக் கிளினிக்கின் நம் நாட்டு வடிவம் என்று இதைச் சொல்லலாம், சந்தா இல்லை. ஆனால் கிளினிக் நடப்பது வழக்கமாக வேலைநாளின் காலைவேளையில். அது பெரட்டுக்குப் போகும் நேரம். பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கோ கொஸ்லந்தைக்கோ பஸ் ஏறிப்போய் இடுப்பை அளந்துவரும் பெண்ணுக்கு அன்றைய பேர் விழாது.